சொல்லாத உடன்பாடு உடன்பாடாகாது

அல்பர்ட்ஸ்லுண்ட்:

கொப்பன்ஹேகனுக்கு மேற்கே 1960களில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட இந்நகரின் வரிசை வீடுகளில், எம்மவர் கூடும் வார இறுதிகளில் முந்நூற்றுநாலு ஆட்டம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆட்டம் முடிந்த பின்னர் எழும் வழக்கோ ஆட்டத்திலும் நீண்டது. "ஏன் மச்சான் கேட்டனீ?" என்று ஒருவர் சினப்பார். "உன்னை நம்பித்தான் கேட்டனான்" என்று எதிரே இருப்பவர் மறுமொழி கூறுவார். தேநீர் ஆறிவிடும், வழக்கு ஆறாது.

இவ்வழக்கைத் தீர்க்கும் முறையை நீண்ட காலமாக ஆராய்ந்து, விதிகளாகவே வகுத்து வைத்திருக்கும் விளையாட்டு ஒன்றுண்டு. அதுவே டென்மார்க்கின் முதியோர் பெரிதும் விரும்பி ஆடும் பிரிட்ஜ்.

எமது முந்நூற்றுநாலும் ஐரோப்பாவுக்கு அந்நியமானதன்று. வீறுக்கு 30, மணலுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. ஆசையும் ராசாவையும் விட வீறும் ஒன்பதும் உயர்ந்து நிற்கும் இவ்வியல்பை, ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் சுவிற்சர்லாந்தின் யாஸ் ஆட்டத்திலும் துரும்பினத்தில் காணலாம். எம் மூத்தோர் வழங்கிய ஆட்டின், உருவித்தன், இஸ்கோப்பன், கிளாவர் என்ற பெயர்களும் ஒல்லாந்தச் சொற்களின் திரிபுகளே. பிரிட்ஜ் வேறு கிளையைச் சேர்ந்தது. ஆங்கிலேயரின் விஸ்ற் ஆட்டத்திலிருந்து கிளைத்த அதற்கு, இன்றைய வடிவை 1925 இல் அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ற் வகுத்தார். எனினும் எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு சோடியாவதும், கையைக் காணாமலே கேள்வி கேட்பதும் இரண்டுக்கும் பொது.

முந்நூற்றுநாலில் முதல் நான்கு சீட்டுகளை வைத்தே கேள்வி தொடங்குகிறது. வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். அது எவ்வினம் என்பதை அவருடைய சோடியும் அறியார். பிரிட்ஜில் ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள். அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு அனுமதிக்கப்பட்டவை 38 சொற்கள் மட்டுமே: 35 கேள்விகள், 'பாஸ்', 'டபிள்', 'றீடபிள்'. இத்துணைச் சிறிய அகராதியில் ஒரு கையை விவரிக்க வேண்டுமாயின், எச்சொல்லுக்கு எப்பொருள் என்பதைச் சோடியினர் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆசுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, வீறுக்கு 1 எனப் பிரிட்ஜில் கையை எடைபோடுவர். துரும்பில்லாமல் ஒன்பது பிடிகளை எடுக்கும் பெரிய ஆட்டத்துக்கு இருவரிடமும் சேர்த்து ஏறத்தாழ 25 புள்ளிகள் வேண்டும். ஒருவர் முதற்படியில் துரும்பில்லாக் கேள்வி கேட்கிறார். அவர் மனத்தில் அதன் பொருள் 15 முதல் 17 புள்ளிகள். எதிரே இருப்பவரோ வேறிடத்தில் பயின்றவர். அவருக்கு அது 12 முதல் 14. தம்மிடமுள்ள 10 புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கிறார். எப்படியும் 24ஐத் தாண்டாது. 'பாஸ்' என்கிறார். உண்மையில் இருவரிடமும் 25க்குக் குறையாமல் இருந்தது. பெரிய ஆட்டம் கைநழுவிப் போயிற்று.

இங்கே தவறிழைத்தவர் யார்? தத்தம் அகராதியின்படி இருவரும் சரியாகவே நடந்தனர். பேசி வைத்திராத ஒன்றைப் பேசி வைத்ததாக இருவரும் எண்ணியதே குறை. ஆகவே, நல்ல சோடியினர் ஆட்டம் முடிந்ததும் "ஏன் கேட்டாய்?" என்று வினவுவதில்லை, "இதற்கு இனி என்ன பொருள் வைப்போம்?" என்றே வினவுகின்றனர்.

உடன்பாடு செய்தால் மட்டும் போதாது. அதை எதிராளிகளும் அறிய வேண்டும் என்பதே பிரிட்ஜின் தலையாய நெறி. துரும்பில்லாக் கேள்விக்கு மறுமொழியாக 'இரண்டு கிளாவர்' என்றால், பல சோடிகளிடையே அதற்குக் கிளாவரோடு தொடர்பில்லை. "ஆட்டினிலோ இஸ்கோப்பனிலோ உம்மிடம் நான்கு சீட்டு உண்டா?" என்பதே அதன் பொருள். 1945 இல் இதை எழுதிப் பரப்பிய ஸ்டேமனின் பெயராலேயே இம்முறை வழங்குகிறது. எவர் விளக்கம் கேட்டாலும் தம் உடன்பாட்டை மறையாது கூற வேண்டும். கையிலுள்ள சீட்டு இரகசியம். சொல்லின் பொருள் இரகசியமன்று.

குரலின் ஏற்ற இறக்கமும் சாடையாகிவிடலாம் என்பதால், வாயாற் சொல்லாது அட்டையாற் காட்டும் கேள்விப் பெட்டிகள் சுவீடனில் தோன்றின. ஒருவர் நெடுநேரம் தயங்கிப் 'பாஸ்' என்றால், அத்தயக்கத்தைக் குறிப்பாகக் கொண்டு அவருடைய சோடி பயனடையக் கூடாதென்பதும் விதி. 1975 இல் பேர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், சோடியினர் ஒருவரையொருவர் காணாதவாறு குறுக்கே திரை நிறுத்தப்பட்டது. அப்போதும் இத்தாலியச் சோடியொன்று மேசைக்கடியில் காலாற் சாடை காட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கண்டிக்கப்பட்டது. 2015 இல் நோர்வேஜியரான பொய் புறோகலண்ட், தம் அணியிலேயே முன்னர் ஆடிய சோடியொன்றின் கள்ளச் சாடைகளை வெளிக்கொணர்ந்தார். அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களைத் தாமும் துறக்க முன்வந்தார். வெற்றியிலும் நம்பிக்கை பெரிது என்பதைச் செயலிற் காட்டிய அவர் செய்கை போற்றத்தக்கது.

மறைத்து வைத்த ஏற்பாட்டின் விலையை டென்மார்க்கில் வாழும் எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைத்தார். சட்டநூலில் இருந்தது ஒன்று; அலுவலகத்துள் நடந்தது வேறொன்று. 1993 இல் விசாரணை அறிக்கை வெளிவந்ததும் சுலூற்றர் அரசு பதவி விலகியது. 1995 இல் அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள், தம் எதிரே ஆடப்பட்ட ஆட்டத்தின் விதியை அறியாதிருந்தனர்.

இனி, தீர்ப்புக்கு வருவோம். ஒரு கேள்வி நல்லதா தீயதா என்பதை முடிவைக் கொண்டு அளப்பவர் பிரிட்ஜைக் கற்கவில்லை என்றே கூற வேண்டும். 13 பிடிகளில் 12ஐ எடுப்பதாக ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். எதிராளிகளிடமுள்ள ஓரினத்தின் ஐந்து சீட்டுகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருந்தால் அவர் வெல்வார். அவ்வாறு பிரிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடு. அன்று அவை நான்கும் ஒன்றுமாகப் பிரிந்துவிடுகின்றன, அவர் தோற்கிறார். ஆயினும் கேட்டது சரியே. அடுத்த மேசையிலோ, இரண்டு ராசாக்களும் தமக்கு வாய்ப்பான கையிலேயே இருக்க வேண்டும் என்ற நிலையில், நான்கிலொரு வாய்ப்பை நம்பி ஒருவர் கேட்டு வெல்கிறார். அவர் கேட்டது தவறே. கேட்ட வேளையில் எதை அறிந்திருந்தார், எதை அறிந்திருக்க முடியும் என்பதே உரைகல். நான்கு கைகளும் மேசையில் விரிக்கப்பட்ட பின்னர் அறிவுரை கூறுவதற்கு எவராலும் முடியும்.

இது சீட்டுக் கட்டோடு முடிந்துவிடும் பாடமன்று. "அப்போதே கனடாவுக்குப் போயிருக்கலாம்", "காணியை விற்றிருக்கக் கூடாது", "பிள்ளையைத் தனியே அனுப்பியது யார்?" என்ற வழக்குகள் எம் வீடுகளில் ஆண்டுக்கணக்காக நடக்கின்றன. இன்று எல்லாச் சீட்டுகளும் திறந்து கிடக்கின்றன. அன்று, ஷெல் விழுந்த இரவொன்றில் முடிவெடுத்த தந்தையின் கையிலிருந்தவை நான்கு சீட்டுகளே. அவற்றைக் கொண்டுதான் அவரது கேள்வியை நாம் எடைபோட வேண்டும்.

முகாமில் மறுமொழிக்குக் காத்திருக்கும் இளைஞர்க்கும், மனைவி மக்களோடு இங்கு வேரூன்ற முயல்வோர்க்கும் எடுக்க வேண்டிய முடிவுகள் இன்னும் பல உண்டு. அவற்றுள் எதை யார் தீர்மானிப்பது, எதைக் கேட்காமல் செய்யலாகாது என்பதை இப்போதே வாய்திறந்து பேசி வைப்பது நன்று. எதிரே இருப்பவர் தோற்கும்போதும் அவர் நம் சோடியே.