உங்களுக்குத் தெரியுமா? டயர் ஓரத்து எழுத்துகள்

வேகக் காருக்கு மலிவாக டயர் மாற்றப் போகிறீர்களா? அளவை அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். 'டபிள்யூ' என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை தாங்கும், 'வி' 240. வேடிக்கை என்னவென்றால், அகரவரிசையை மீறி 'யூ'வுக்கும் (200) 'வி'க்கும் நடுவில் 'எச்' (210) உட்கார்ந்திருக்கிறது! கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

'டிரெட்வேர்' எண் கூடினால் தேய்மானம் குறையும்; பெரும்பாலும் பிடிப்பும் குறையும். 200 பந்தயத்தடப் பிரியர்களுக்கு. தினமும் ஆபீஸ் போய்வர 300, 400 எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. இரண்டு பிராண்டுகளை அதை வைத்து எடைபோட முடியாது.

தள்ளுபடி டயரா? அது எவ்வளவு பழையது என்பதை ஓரத்து நான்கு இலக்க எண் சொல்லும். '2324' என்றிருந்தால் 2024-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. பணம் கொடுக்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.