பெயரழிந்த உழவு யந்திரம்
உறுப்புகளை இனங்காணும் முறையும் பேணும் முறையும்

மகாவலி கங்கைக் கரையில் அமைந்த கம்பளை, பதினான்காம் நூற்றாண்டிலே இராசதானியாக விளங்கிய பெருமையுடையது. இன்று நகரைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை வளர்கிறது. மலையடிவாரங்களிலும் பள்ளத்தாக்குகளிலும் படிப்படியாகச் சிறு வயல்களும் காய்கறித் தோட்டங்களும் அமைந்துள்ளன. இத்தகைய வயல்களிற் பெரிய நாற்சக்கர உழவு யந்திரத்தை இறக்குதல் எளிதன்று. அதைத் திருப்புவதற்கே இடம் போதாது. ஆதலால், எருமைக்கும் பெரிய யந்திரத்துக்கும் இடைநின்று உதவுவது, உழுபவர் பின்னே நடந்து கைப்பிடியாற் செலுத்தும் இருசக்கரக் கை உழவு யந்திரமே.

சேற்றுழவுக்கேற்ப வயலில் நீர் நிற்கும் நாட்கள் மிகச் சில. அந்நாட்களில் உள்ளங்கையளவு பேரிங் ஒன்று உடைந்து, அதற்கு ஈடானது எதுவென்று தெரியாமற் போனால், கமக்காரர் இழப்பது ஓர் உறுப்பை மட்டுமன்று. அப்பருவத்தின் விளைச்சலையே இழக்க நேரிடும். பல தசாப்தங்கள் உழைத்து, பல கைகள் மாறிய யந்திரமாயின் இடர் இன்னும் பெரிது. பெயர்த்தகடு தேய்ந்திருக்கும், கைந்நூல் எப்போதோ தொலைந்திருக்கும். ‘பழசுதானே, இரும்புக்குப் போட்டுவிடுங்கள்’ என்று சொல்வார் பலர். ஆயினும், அவ்வாறு ஒதுக்கப்படும் யந்திரங்களிற் பல உயிரிழந்தவை அல்ல, அடையாளம் இழந்தவையே.

ஒரு பெயர், பல யந்திரங்கள்

நம் நாட்டுத் தமிழரிடையே, சிறப்பாக வடக்கிலும் கிழக்கிலும், கை உழவு யந்திரம் எந்நிறுவனத்தின் தயாரிப்பாயினும் அதனை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கும் வழக்கம் உண்டு. லாண்ட்மாஸ்டர் என்பது உண்மையில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிற் செய்யப்பட்ட யந்திரத்தின் பெயர். 1950களில் அதன் இருசக்கர உழவு யந்திரத்தை உருவாக்கியவர் இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்தன (1924–2010). கேம்பிறிட்ஜிற் கற்ற அவர், சிறு வயலுக்கு ஏற்ற சிறு யந்திரத்தை நாடினார். பிற்காலத்தில், தம் யந்திரம் எருமையின் வேலையைத்தான் செய்ததேயன்றி, பயிர்ச்செய்கையை மேம்படுத்தியதா என்று தாமே வினவி, நிலத்தை உழாமற் பயிரிடும் முறைகளையும் ஆராய்ந்தார். தாம் படைத்த பொருளையே ஐயுற்று ஆராய்வதன்றோ விஞ்ஞான மனப்பான்மை!

பெயர் பொதுப்பெயராகிவிட்டமையாற் கடையிலே குழப்பம் நேர்கிறது. ‘லாண்ட்மாஸ்டர் பிஸ்டன் ஒன்று தாருங்கள்’ என்பவருக்கு வேண்டியது ஜப்பானிய குபோட்டாவின் உறுப்பாக இருக்கலாம். சீன எஞ்சினின் உறுப்பாகவும் இருக்கலாம். ஆகவே, வழக்குப் பெயரை நம்பாது, இரும்பிற் பொறித்த எழுத்தை நாடுதல் வேண்டும்.

எண்கள் கூறும் செய்தி

எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனங்களின் ஆக்கங்கள். உரிமையாளர் எஞ்சினை மாற்றியிருக்கவும் கூடும். எனவே இரண்டையும் தனித்தனியே இனங்காண வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாற் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, வார்ப்பிரும்பின் மீது கைவிளக்கைச் சரிவாகப் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் நிழலிலே தெளிவுறும். கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்த்தலாகாது. எஞ்சிய எழுத்தும் அழிந்துவிடும்.

எழுத்துக் கிடைத்தபின் அதன் பொருளை அறிதல் வேண்டும். சீனத்தில் தோன்றி ஆசிய நாடுகள் பலவற்றிற் பரவிய எஸ்195 என்னும் டீசல் எஞ்சினை நோக்குக. அதில் 1 என்பது ஓர் உருளை (சிலிண்டர்) எனவும், 95 என்பது அவ்வுருளையின் உள்விட்டம் 95 மில்லிமீற்றர் எனவும் குறிக்கும். அவ்வாறே ஆர்175 எனில் ஓர் உருளை, விட்டம் 75 மில்லிமீற்றர். பிரித்தானியாவின் வில்லியர்ஸ் எஞ்சின்களில் மார்க் 25 என்பது ஏறத்தாழ 250 கன சென்டிமீற்றர் கொள்ளளவையும், மார்க் 40 என்பது ஏறத்தாழ 400 கன சென்டிமீற்றரையும் சுட்டும்.

எஞ்சின் இன்னதென்று தெரிந்தாலும் பிஸ்டன் வாங்க அது மட்டும் போதாது. தேய்ந்த உருளையை முன்னரே குடைந்து பெருப்பித்திருக்கலாம். பழைய பிஸ்டனின் தலையில் 0.50 என்றிருந்தால் அரை மில்லிமீற்றர் பெரியது என்பது பொருள். ஆங்கில அளவு யந்திரத்தில் 20 என்றிருந்தால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு பெரியது. அதுவும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே.

பேரிங் வாங்குவோர் யந்திரத்தின் பெயரையே கூற வேண்டியதில்லை. அதன் வளையத்திலுள்ள எண் உலகெங்கும் ஒன்றே. 6205 என்பதன் இறுதி இரு இலக்கங்களை ஐந்தாற் பெருக்குக: 25 மில்லிமீற்றர், அதுவே நடுத்துளையின் விட்டம். இவ்விதி 04 முதல் மேல்நோக்கிய எண்களுக்குப் பொருந்தும். 6305இன் துளையும் 25 மில்லிமீற்றரே. ஆயினும் வெளிவட்டம் பெரிது, தாங்கும் சுமையும் மிகுதி. ஒயில் சீலில் 25-40-7 என்றிருந்தால் தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்பன முறையே மில்லிமீற்றரிற் கூறப்பட்டுள்ளன. பெல்ட்டில் ‘ஏ’ எனில் மேலகலம் 13 மில்லிமீற்றர். ‘பி’ எனில் 17 மில்லிமீற்றர். அடுத்துவரும் எண் உட்சுற்றின் நீளத்தை அங்குலத்திற் கூறும்.

எண் முற்றாக அழிந்திருப்பின் அளத்தலே வழி. பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் பயிலும் வேணியர் இடுக்கிமானி இங்கே பெருந்துணையாகும். பரீட்சைக்காகக் கற்ற கருவி ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு உதவுமெனில், கல்விக்கு அதனினும் சிறந்த பயன் உண்டோ?

புரியைப் புரிந்துகொள்க

பழைய யந்திரங்களிற் கைதேர்ந்தோரையும் ஏமாற்றுவது திருகாணியின் புரி. பிரித்தானிய யந்திரங்களில், ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த முறைப்படி, புரியின் கோணம் 55 பாகை. மெட்ரிக் முறையிலும் அமெரிக்க முறையிலும் 60 பாகை. அரை அங்குல விட்வேர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 புரிகள். அதே பருமனுள்ள அமெரிக்கப் பருமுறையில் 13. பார்வைக்கு ஒன்றே போலிருக்கும். நட்டு இரண்டு சுற்றுச் சுற்றியபின் இறுகும். அப்போது ‘பழைய துரு’ என எண்ணி வலிந்து முறுக்கினால் வார்ப்பிரும்பின் உட்புரி சிதைந்துபோகும். கையால் எளிதிற் சுழலாத நட்டை ஸ்பனராற் கட்டாயப்படுத்தலாகாது. புரிமானியை வைத்துப் பார்த்தபின்பே முடிவு செய்தல் வேண்டும்.

ஸ்பனரிலும் இவ்வேறுபாடு உண்டு. விட்வேர்த் ஸ்பனரிற் பொறித்த அளவு போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். மெட்ரிக் ஸ்பனரில் வாயின் அகலத்தைக் குறிக்கும். மலைநாட்டின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆங்கில யந்திரங்களோடு பழகிய முதியோர் இதனை நன்கறிவர். அவர்களது அனுபவத்தைக் கேட்டறிதல் இளைஞர்தம் கடமையாகும்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

வேலை முடிந்தவுடன் சேற்றைக் கழுவுக. காய்ந்த சேறு அச்சுத்தண்டின் சீலை அராவிவிடும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துவிட்டது. எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது, சீலையும் நோக்குதல் வேண்டும். கரும்புகை, மிகைச் சுமையையோ அடைபட்ட காற்று வடிகட்டியையோ காட்டும்; நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும்.

உயிர்க்காவல் யாவற்றிலும் முதன்மையானது. எஞ்சின் ஓடும்போது சுழலும் கத்திகளை அணுகலாகாது. சிறுவரை அருகே விடலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால் காபன் மொனொக்சைட் என்னும் மணமற்ற நஞ்சு சேரும். பழைய காஸ்கெட்டுகளில் அஸ்பெஸ்டொஸ் இருக்கக்கூடும். அவற்றை உலர்நிலையில் உரசித் தூசெழுப்புதல் சுவாசப்பைக்குக் கேடு.

யந்திரத்துக்கு ஒரு குறிப்பேடு

ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் சாதகம் பத்திரமாக இருக்கிறது. பல குடும்பங்களுக்குச் சோறளிக்கும் யந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் நன்று. எஞ்சின் எண், பேரிங் எண்கள், சீல், பெல்ட் அளவுகள், பிஸ்டனின் மிகையளவு, எண்ணெய் மாற்றிய திகதி ஆகியவற்றை அதில் எழுதுக. கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்க. இன்று கைத்தொலைபேசியே அதற்குப் போதும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே தட்டில் அடுக்குக. புதியது பொருந்தி ஓடும்வரை பழைய உறுப்பை எறியலாகாது; அளவுக்கு அதுவே சாட்சி.

ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாகி, பழைய யந்திரங்களைக் காத்து நிற்கிறது. கை உழவு யந்திரங்களுக்கு அத்தகைய மாளிகை வேண்டியதில்லை. அவை இருக்கவேண்டிய இடம் வயலே. தந்தையின் கைப்பழக்கமும் பிள்ளையின் கல்வியும் ஒரு குறிப்பேட்டிற் சேருமாயின், பெயரழிந்த யந்திரமும் மீண்டும் பெயர்பெற்று, அடுத்த மழைக்குச் சேற்றில் இறங்கும்.