மலையில் தொடங்கும் கடல் பாதுகாப்பு

கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய விளக்கவுரைகள் பெரும்பாலும் கடற்கரையோர ஊர்களில்தான் நடைபெறுகின்றன. பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையிலுள்ள மீன்வளத் துறையின் கடலாமைக் காப்பகத்திற்கு வருவோர் ஆமைகளின் வாழ்க்கையைப் பற்றி அறிந்துகொள்கின்றனர். ஆனால், கடலைவிட்டு வெகு தொலைவில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களும் இச்செய்திகளை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் காலடியில் ஓடும் நீரோடைகள் கடலில்தான் சென்று முடிகின்றன.

கேமரன் மலையில் பிறக்கும் தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீர் ஜெலாய் ஆற்றை அடைகிறது. ஜெலாய் ஆறு தெம்பெலிங் ஆற்றுடன் கலந்து பகாங் ஆறாகிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான இந்த ஆறு, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்கிறது. இதே மலையின் நீரில் ஒரு பகுதி, மின்சாரம் தயாரிப்பதற்காகச் சுரங்க வழியே பேராக் மாநிலத்திற்குத் திருப்பி விடப்படுகிறது. அந்நீர் இறுதியில் மலாக்கா நீரிணையை அடைகிறது. ஆக, ஒரே மலையின் நீர் இரு கடல்களைச் சேர்கிறது.

நீருடன் மண்ணும் பயணம் செய்கிறது. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது முதல் கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை பயிரிடப்பட்டு வருகிறது. நெருக்கமாக வளரும் தேயிலைச் செடிகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. அவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்கின்றன. காடு அழிக்கப்பட்டு வெறுமையாக விடப்படும் சரிவுகளிலோ, கனமழையின்போது மேல்மண் அரித்துச் செல்லப்படுகிறது.

இதன் விளைவை ரிங்லெட்டில் காணலாம். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டலும் குப்பையும் சேர்ந்து, அதன் கொள்ளளவு குறைந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கனமழையால் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. எனவே, மண்ணரிப்பின் முதல் பாதிப்பு மலைவாழ் மக்களையே சேருகிறது.

அணையைத் தாண்டிச் செல்லும் வண்டலும் நெகிழிக் குப்பையும் கடல்வாழ் உயிரினங்களுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. நீர் கலங்கினால் கடற்புற்களுக்குப் போதிய சூரிய ஒளி கிடைக்காது. பச்சை ஆமைகளுக்குக் கடற்புல்லே முக்கிய உணவாகும். தோல்முதுகு ஆமைகள், மிதக்கும் நெகிழிப் பைகளைச் சொறிமீன் எனக் கருதி விழுங்கிவிடுகின்றன. ஒரு காலத்தில் திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்குப் பெருந்திரளாக வந்து முட்டையிட்ட தோல்முதுகு ஆமைகள் இன்று அங்கு அரிதாகிவிட்டன. முட்டை சேகரிப்பு, மீன்பிடி வலைகள் முதலியவை இதற்கு முக்கியக் காரணங்களாகும். எஞ்சியுள்ள ஆமைகளுக்குக் கடல் மாசு மேலும் ஓர் ஆபத்தாகிறது.

கேமரன் மலையில் 2001ஆம் ஆண்டில் தோன்றிய ‘ரீச்’ என்னும் தன்னார்வ அமைப்பு மரம் நடுதல், சுற்றுச்சூழல் விழிப்புணர்வு போன்ற பணிகளில் ஈடுபட்டு வருகிறது. இத்தகைய பணிகளோடு, தோட்டத்து மண்டபங்களிலும் பள்ளிகளிலும் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய இலவச விளக்கவுரைகளையும் நடத்தலாம். ஓடையில் குப்பை வீசாமலிருப்பதும், வெறுமையான சரிவில் மரம் நடுவதும் கடலைக் காக்கும் செயல்களே என்பதை மக்கள் அப்போது உணர்வர். கடலைப் பாராதவரும் கடலின் காவலராக இருக்க முடியும்.