டிராகுலா நாவலின் அரிய பதிப்புகளும் அயல்மொழிப் பதிப்புகளும்

'டிராகுலா' என்பது அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் (1847–1912) ஆங்கிலத்தில் எழுதிய திகில் நாவல் ஆகும். இது 1897ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் வெளியானது. இந்நாவலின் பழைய பதிப்புகளையும் பிறமொழிப் பதிப்புகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் உள்ளனர். ஒரே கதையை ஏன் பல படிகளாகச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. பதிப்புக்குப் பதிப்பு கதையே மாறியிருக்கக்கூடும் என்பதுதான் அதற்கான விடை. டிராகுலாவின் ஐஸ்லாந்து மொழிப் பதிப்பு இதற்குச் சிறந்த சான்றாகும்.

பதிப்பும் அச்சும்

நூல் சேகரிப்பில் முதலில் அறிய வேண்டியது பதிப்புக்கும் மறுஅச்சுக்கும் உள்ள வேறுபாடு. எழுத்துகளைப் புதிதாகக் கோத்தோ, உள்ளடக்கத்தைத் திருத்தியோ வெளியிடுவது புதிய பதிப்பு. மாற்றம் ஏதுமின்றி மீண்டும் அச்சிடுவது மறுஅச்சு. ஒரே பதிப்புக்குள்ளும் சில படிகளில் விளம்பரப் பக்கமோ அட்டையோ மாறியிருக்கும். எந்தப் படி முதலில் கடைக்கு வந்தது என்பதை இத்தகைய சிறு அடையாளங்களைக் கொண்டே கண்டறிகின்றனர்.

முதல் பதிப்பின் அடையாளங்கள்

டிராகுலாவின் முதல் பதிப்பை இலண்டனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு கான்ஸ்டபிள் நிறுவனம் 6 ஷில்லிங் விலையில் வெளியிட்டது. மஞ்சள் துணி அட்டையில் சிவப்பு எழுத்துகள் கொண்ட நூல் அது. தொடக்கத்தில் வெளிவந்த படிகளில் இறுதித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதே இடத்தில் ஸ்டோக்கரின் மற்றொரு நாவலுக்கான விளம்பரம் காணப்பட்டால், அது சற்றுப் பின்னர் வந்த படி எனக் கொள்வர். மஞ்சள் துணி எளிதில் அழுக்கேறும் என்பதால், அட்டை தூய்மையாக உள்ள படிகள் மிக அரியவை.

அமெரிக்காவில் 1899ஆம் ஆண்டு நியூயார்க்கின் டபுள்டே அண்டு மெக்ளூர் நிறுவனம் இந்நாவலை வெளியிட்டது. அது முதல் அமெரிக்கப் பதிப்பு என்ற வகையில் தனியே மதிக்கப்படுகிறது.

குடியேற்ற நாடுகளுக்கான பதிப்பு

பிரித்தானியப் பதிப்பகங்கள் அக்காலத்தில் இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்பதற்கெனத் தனி வரிசைகளை நடத்தி வந்தன. அவை இலண்டன் விலையைவிட மலிவானவை, பிரித்தானியாவுக்குள் விற்கப்படாதவை. ஹட்சின்சன் நிறுவனத்தின் இத்தகைய வரிசையிலும் டிராகுலா 1897ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. நம் நாட்டின் வெப்பம், ஈரம், கறையான், இராமபாணப் பூச்சி ஆகியவற்றுக்கு இவ்வகை நூல்கள் பெருமளவில் இரையாயின. எஞ்சியவற்றையும் நூலகங்கள் மறுகட்டுச் செய்தபோது மூல அட்டையும் விளம்பரத் தாள்களும் நீக்கப்படுவது வழக்கமாக இருந்தது. பதிப்பை அடையாளம் காட்டும் சான்றுகளே அவ்வாறு குப்பைக்குச் சென்றன.

மலிவுப் பதிப்பின் அருமை

1901ஆம் ஆண்டு கான்ஸ்டபிள் நிறுவனம் இந்நாவலைச் சுருக்கி, தாள் அட்டையுடன் 6 பென்ஸ் விலையில் வெளியிட்டது. கோட்டைச் சுவரில் டிராகுலா பிரபு தலைகீழாக இறங்கும் காட்சி அதன் அட்டைப்படமாக அமைந்தது. விலை உயர்ந்த துணிக்கட்டு நூலை மக்கள் அலமாரியில் வைத்தனர். மலிவான தாள்கட்டு நூலைப் படித்து முடித்ததும் எறிந்தனர். இதனால் மலிவுப் பதிப்பே கிடைப்பதற்கு அரியதாகிவிட்டது. தொடர்கதைகள் வெளிவந்த செய்தித்தாள்களுக்கும் இந்நிலையே நேர்ந்தது.

ஐஸ்லாந்துப் பதிப்பின் கதை

டிராகுலாவின் முதல் மொழிபெயர்ப்பு 1898ஆம் ஆண்டு புடாபெஸ்டில் அங்கேரிய மொழியில் வந்தது. அதன்பின் ஐஸ்லாந்தில் வால்டிமார் ஆஸ்மண்ட்சன் என்னும் இதழாசிரியர், தாம் நடத்திய 'ஃபியால்கோனன்' இதழில் 1900ஆம் ஆண்டு முதல் இக்கதையைத் தொடராக வெளியிட்டார். 1901இல் அது ரெய்க்யவிக் நகரில் நூலாக வந்தது. அதன் தலைப்பான 'மக்த் மிர்க்ரான்னா' என்பதற்கு 'இருளின் ஆற்றல்கள்' என்பது பொருள்.

ஸ்டோக்கரின் பெயரில் அமைந்த முன்னுரை ஒன்று இப்பதிப்பில் இடம்பெற்றிருந்தது. அம்முன்னுரை 1986ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டபோது ஆய்வாளர்கள் ஆர்வத்துடன் படித்தனர். ஆயினும் முன்னுரைக்குப் பின்னால் உள்ள கதையை மூலத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சிறிய நாட்டின் மொழியில் வந்த சுருக்கமான மொழிபெயர்ப்பு என்றே அனைவரும் எண்ணினர்.

2014ஆம் ஆண்டில் ஹான்ஸ் டி ரூஸ் என்னும் ஆய்வாளர் ஐஸ்லாந்து உரையை மூலத்துடன் ஒப்பிட்டார். அதில் ஜோனதன் ஹார்க்கரின் பெயர் தாமஸ் ஹார்க்கர் என இருந்தது. கோட்டையில் நடைபெறும் பகுதி பெரிதும் விரிந்து, நூலின் பெரும்பகுதியாகவே ஆகியிருந்தது. இலண்டன் பகுதியோ மிகச் சுருங்கி, நாட்குறிப்பு வடிவத்தையும் இழந்திருந்தது. மூலத்தில் இல்லாத பாத்திரங்களும் அரசியல் சதியும் அதில் இருந்தன. இவற்றுள், கோட்டையில் பணிபுரியும் செவிப்புலனற்ற, வாய்பேசாத பெண் குறிப்பிடத்தக்கவள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ரோசன்பாக் அருங்காட்சியகம் காத்துவரும் ஸ்டோக்கரின் தொடக்ககாலக் குறிப்புகளிலும் இத்தகைய பணிப்பெண் ஒருத்தி குறிக்கப்பட்டிருக்கிறாள். டி ரூஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் நூலாக வந்தது.

அவ்வாண்டிலேயே மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. 1899–1900 ஆண்டுகளில் சுவீடனின் 'தாகென்' நாளிதழில் இதே தலைப்பில் ஒரு தொடர்கதை வந்திருப்பதை ரிக்கார்டு பெர்கோர்ன் என்பவர் எடுத்துக்காட்டினார். அது ஆங்கில மூலத்தைவிட மிக நீண்டது. ஐஸ்லாந்துப் பதிப்பு அச்சுவீடிய வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது அப்போது தெளிவாயிற்று. சுவீடிய மொழிபெயர்ப்பாளர் தம் முழுப்பெயரை வெளியிடவில்லை. கூடுதல் பகுதிகளில் ஸ்டோக்கருக்குப் பங்கு உண்டா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

துருக்கிப் பதிப்பு

1928ஆம் ஆண்டு அலி ரிசா செய்ஃபி இக்கதையைத் துருக்கிய மொழியில் தழுவி எழுதினார். இலண்டனுக்குப் பதிலாக இஸ்தான்புல் நகரம் கதைக்களமாயிற்று. ஒட்டோமன் பேரரசை எதிர்த்துப் போரிட்ட விளாடு என்னும் வரலாற்று அரசனே இக்கதையின் டிராகுலா. இத்தழுவலை அடிப்படையாகக் கொண்டு 1953இல் துருக்கியில் திரைப்படமும் எடுக்கப்பட்டது. ஒரு நாட்டின் அச்சம் மற்றொரு நாட்டுக்குச் செல்லும்போது எவ்வாறு உருமாறுகிறது என்பதை இப்பதிப்பு காட்டுகிறது.

சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

• தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பதிப்பகம், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
• பழைய தோற்றத்தை அப்படியே ஒத்த நகல் பதிப்புகளும் விற்பனையில் உள்ளன. அட்டையை மட்டும் நம்பலாகாது. தாள், அச்சு, விளம்பரப் பக்கங்கள் ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.
• கிழிந்த தாள்களை ஒட்டுநாடாவால் ஒட்டக்கூடாது. அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும்.
• நூல்களை நேரடி வெயிலும் ஈரச் சுவரும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.
• அயல்மொழிப் பதிப்பு கிடைத்தால், மொழி தெரியாவிட்டாலும் அத்தியாயங்களின் எண்ணிக்கை, பாத்திரப் பெயர்கள், முன்னுரையின் நாள் ஆகியவற்றை மூலத்துடன் ஒப்பிடலாம்.

மாணவர்கள் இதற்குப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. டிராகுலாவின் ஆங்கில உரை பதிப்புரிமைக் காலம் கடந்தது; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐஸ்லாந்து தேசிய நூலகம் 'ஃபியால்கோனன்' உள்ளிட்ட பழைய இதழ்களையும் இணையத்தில் பார்வைக்கு வைத்துள்ளது.

சேகரிப்பின் பயன்

ஐஸ்லாந்துப் பதிப்பு எங்கோ மறைந்து கிடந்த நூல் அன்று. அது அச்சாகி, நூலகத்தில் இருந்தது. முன்னுரையும் பலருக்குத் தெரிந்திருந்தது. எனினும் 113 ஆண்டுகள் அதன் வேறுபாடு உலகுக்குத் தெரியவில்லை. நூலைக் காப்பது ஒரு பணி. அதைத் திறந்து ஒப்பிட்டுப் படிப்பது மற்றொரு பணி. முதற்பணி நடைபெறாவிட்டால் இரண்டாவதற்கு வாய்ப்பே இல்லை.

தமிழிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகத் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளுமே, அவர் 1992இல் மறைந்த பின்னர், சென்னையில் அவர் பெயரால் 1994இல் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. பிறர் பழைய தாள் என்று ஒதுக்கியவை பலவும் இன்று ஆய்வாளர்கள் தேடிச் செல்லும் ஆவணங்களாக உள்ளன. வீட்டுப் பரணில் கிடக்கும் அட்டை கிழிந்த மலிவு நாவலை எடைக்குப் போடுவதற்குமுன், அதன் தலைப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.