'மார்ச்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழாக்கமும்

முன்னுரை

ஆங்கிலத்தில் 'மார்ச்' என்னும் ஒரு சொல் படையின் நடை, கவாத்து, மக்கள் ஊர்வலம், நெடுந்தொலைவுப் பயணம், நடைக்கேற்ற இசை ஆகியன அனைத்தையும் குறிக்கின்றது. தமிழில் இவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. எனவே இச்சொல்லைத் தமிழாக்குவோர் நிகழ்வின் தன்மையையும் முடிவு செய்ய வேண்டியவராகின்றனர். இதனை விளக்குவதாக இக்கட்டுரை அமைகின்றது.

சொல்லின் தோற்றம்

நடத்தலைக் குறிக்கும் 'மார்ச்', பிரெஞ்சு மொழியின் 'மார்ஷே' என்னும் வினையிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. மிதித்தல் என்பது அதன் பழைய பொருளாகும். மாதப்பெயரான 'மார்ச்', உரோமானியரின் போர்க்கடவுளான மார்ஸ் பெயரிலிருந்து பிறந்த வேறு சொல். ஒலி ஒன்றாயினும் வேர் வேறு.

படைநடை

சீரான அடிவைப்புடன் படையினர் செல்வது 'அணிநடை' எனவும், தலைவர் முன் அணியாகச் செல்வது 'அணிவகுப்பு' எனவும் வழங்கப்பெறுகின்றன. பகைவர் நாட்டின்மீது படை செல்லுதலைத் தொல்காப்பியம் வஞ்சித்திணையாக வகுத்துள்ளது. செல்லுதலைக் குறித்த 'செலவு' என்னும் பழஞ்சொல் இன்று பணச்செலவையே பெரிதும் உணர்த்துவதால், படைச்செலவு என்னும் தொடர் வழக்கில் அருகியது.

மக்கள் நடை

1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டதும், அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்திற்குப் புறப்பட்டதும் தமிழில் 'யாத்திரை' எனப்பட்டன. ஆங்கிலச் சொல்லில் படையின் சாயல் உண்டு. யாத்திரையில் புனிதப் பயணத்தின் சாயல் உண்டு. அறவழிப் போராட்டத்திற்குப் பின்னதே பொருந்தியது. 1934-35இல் சீனச் செம்படை மேற்கொண்டதோ போரிட்டுக்கொண்டே பின்வாங்கிய பயணம். ஆதலின் அது 'நெடும்பயணம்' எனப்படுகின்றது.

இடைச்சொல் தரும் சிக்கல்

1922 அக்டோபரில் முசோலினியின் கறுப்புச் சட்டையினர் ரோம் நகரை நோக்கித் திரண்டதையும், 1963 ஆகஸ்ட் 28 அன்று வேலைவாய்ப்பும் விடுதலையும் வேண்டி வாஷிங்டனில் மக்கள் கூடியதையும் ஆங்கிலம் 'மார்ச் ஆன்' என்னும் ஒரே தொடராற் சுட்டுகின்றது. 'ஆன்' என்னும் இடைச்சொல் ஓர் இலக்கின்மீது செல்லுதலை உணர்த்தும். முன்னது ஆட்சியைக் கைப்பற்றும் மிரட்டல்; வஞ்சியின் இயல்பினது. பின்னது உரிமை வேண்டிய அமைதிப் பேரணி. நடந்த தொலைவும் சிறிது. இரண்டையும் 'பேரணி' என்றால் முன்னதன் அச்சுறுத்தல் மறையும். 'படையெடுப்பு' என்றால் பின்னதன் அறம் திரியும். 'ரோம் மீதான படைநடை', 'வாஷிங்டன் பேரணி' என வேறுபடுத்துதல் தகும்.

முடிவுரை

நடப்போர் யாவர், நோக்கம் யாது, எத்துணைத் தொலைவு என்னும் மூன்றையும் ஆராய்ந்தே இச்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தெரிதல் வேண்டும். அகராதி தரும் முதற்பொருளை எல்லா இடத்தும் ஆள்வது வரலாற்றையே பிழைபட உரைப்பதாக முடியும்.