அணு மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பு: விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில், மும்பையில் உள்ள எங்கள் கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். வேறொரு மாநிலத்துக் கல்லூரி அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்புக்கு இடம் அளித்திருந்தது. 40,000 ரூபாய் முன்பணமும் கட்டப்பட்டிருந்தது. "கடன் மட்டும் வந்துவிட்டால் போதும், சார், இடம் உறுதி" என்றார் தந்தை. அவர் நீட்டிய வண்ணக் கையேட்டின் முதற்பக்கத்தில் பளபளப்பான பெட் ஸ்கேன் இயந்திரத்தின் படம் இருந்தது. அந்த இயந்திரம் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கையேட்டில் எங்கும் இல்லை.

வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த எங்களுக்கு அப்போது இத்துறை புதிது. கடன் கோப்பை முடிப்பதற்காகவே இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். அந்த விசாரணையில் அறிந்தவை, கல்விக் கடனுக்காக எங்களை நாடும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பாதியாகிக்கொண்டே இருக்கும் மருந்து

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் செல்கிறது. அணு மருத்துவத்தில் இது தலைகீழ். மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. அது எலும்பிலோ இதயத்திலோ தைராய்டிலோ சென்று சேர்ந்த பிறகு, அங்கிருந்து வெளிவரும் கதிரைக் காமா கேமரா படமாக்குகிறது. உறுப்பின் வடிவத்தை மட்டுமன்றி, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் இப்படம் காட்டும்.

இத்துறையில் பெரிதும் பயன்படுவது டெக்னீசியம் 99எம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 7 மணிக்கு நூறு பங்கு இருந்தால் பிற்பகல் 1 மணிக்கு ஐம்பது, இரவு 7 மணிக்கு இருபத்தைந்து. தொகை வளர்வதையே கணக்கிட்டுப் பழகிய எங்களுக்கு, இருப்பு தானாகவே தேயும் இக்கணக்கு வியப்பளித்தது. இவ்வளவு விரைவில் தேயும் பொருளைச் சேமித்து வைக்க முடியாது. ஆகவே, 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம் 99 அடங்கிய ஜெனரேட்டர் மருத்துவமனைக்கு வருகிறது. தொழில்நுட்பர் அதிலிருந்து நாள்தோறும் காலையில் உப்புக் கரைசலைக் கொண்டு டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கிறார். இதைப் பால் கறப்பது என்றே துறையினர் சொல்கின்றனர். பெட் ஸ்கேனுக்கு உரிய ஃபுளோரின் 18இன் அரை ஆயுள் 110 நிமிடங்கள் மட்டுமே. அதை உருவாக்கும் சைக்ளோட்ரானிலிருந்து மருந்து புறப்படும் நேரமும் நோயாளி வந்து படுக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

மருந்தைப் பிரித்தெடுத்தல், அளவிடுதல், தரம் சோதித்தல், நோயாளியை ஆயத்தப்படுத்துதல், படம் எடுத்தல், கழிவைப் பாதுகாத்தல் ஆகிய இவ்வளவும் தொழில்நுட்பரின் பணியில் அடங்கும். இவற்றைக் கரும்பலகையில் கற்க இயலாது. நாள்தோறும் நோயாளிகள் வந்துபோகும் ஒரு துறையில் நின்றுதான் கற்க முடியும். இப்படிப்புக்கு விண்ணப்பிப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

இரண்டு வழிகள்

முதல் வழி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரடியாக இளநிலைப் பட்டம். இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் உயிரியலைக் கட்டாயமாக்குகின்றன. புதுச்சேரி ஜிப்மரிலும் கர்நாடகத்தின் மணிப்பாலிலும் இப்பட்டப்படிப்பு உண்டு. ஜிப்மர் அண்மை ஆண்டுகளில் நீட் மதிப்பெண் அடிப்படையில் இடம் வழங்குகிறது. மருத்துவப் படிப்புக்கு மட்டுமே நீட் என்று எண்ணி அத்தேர்வை எழுதாமல் விட்டுவிடும் மாணவர் இவ்வாய்ப்பை இழக்கிறார்.

இரண்டாம் வழி, அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பின் முதுநிலைப் படிப்பு. புது தில்லி எய்ம்ஸ் தனது நுழைவுத் தேர்வின் மூலம் அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் முதுநிலை மாணவர்களைச் சேர்க்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பகுதியாக 1963இல் மும்பை பரேலில் தொடங்கப்பட்ட கதிர்வீச்சு மருத்துவ மையமும் அறிவியல் பட்டதாரிகளுக்கு நெடுங்காலமாகப் பயிற்சி அளித்து வருகிறது. நாட்டின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் 2002இல் இம்மையத்தில்தான் இயங்கத் தொடங்கியது.

இளநிலையில் இடம் கிடைக்காதவருக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை என்பதற்காகவே இரண்டாம் வழியை விரிவாகக் குறிப்பிடுகிறோம். அவசரத்தில் தவறான கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட, அருகிலுள்ள கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு முதுநிலைக்கு முயல்வது மேலானது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முன்பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள்.

ஒன்று: பயிற்சி எந்த மருத்துவமனையில் நடைபெறும்? அங்குள்ள அணு மருத்துவத் துறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ளதா? 1983இல் அமைக்கப்பட்ட இவ்வாரியத்தின் உரிமமின்றி எந்த அணு மருத்துவத் துறையும் இயங்க முடியாது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இல்லையெனில், மருத்துவமனையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

இரண்டு: படித்து முடித்தவருக்கு, வாரியம் தொழில்நுட்பருக்கென விதித்துள்ள கல்வித் தகுதி நிறைவாகிறதா? உரிமம் பெற்ற மருத்துவமனை இத்தகுதி இல்லாதவரைத் தொழில்நுட்பராக அமர்த்த இயலாது. பட்டத்தின் பெயரில் 'அணு மருத்துவம்' என்ற சொல் இருப்பது மட்டும் போதாது. பாடத்திட்டமும் மருத்துவமனைப் பயிற்சிக் காலமும் பொருந்த வேண்டும். தேசியத் துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறிய பின், இத்தொழிலும் அவ்வாணையத்தின் வரம்புக்குள் வந்துள்ளது. கல்லூரியின் அங்கீகார நிலையையும் கேட்டறியுங்கள்.

மூன்று: முந்தைய அணி மாணவர்கள் இப்போது எங்கே பணிபுரிகின்றனர்? முடிந்தால் அவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். முதல் அணியே இன்னும் வெளிவரவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரின் அச்சம்

தம் மகளைக் கதிரியக்கத்தின் அருகில் அனுப்பலாமா என்று அந்த மாணவியின் தாய் கேட்டார். பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்குமோ என்ற கவலையையும் தயக்கத்துடன் சொன்னார். நியாயமான கேள்வி.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க: மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சைப் பெறுகின்றனர். பணியாளர் ஒவ்வொருவரும் மார்பில் டிஎல்டி எனப்படும் அளவுப்பட்டை அணிகிறார். பெற்ற அளவு அவர் பெயரில் பதிவாகிறது. பெண் பணியாளர் கருவுற்றது தெரிந்ததும், எஞ்சிய பேறுகாலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற தனி வரம்பு நடைமுறைக்கு வருகிறது. அபாயமே இல்லாத பணி என்று நாங்கள் சொல்லமாட்டோம். அளவிடப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, வரம்புக்குள் வைக்கப்படும் பணி என்று சொல்லலாம். இவ்வொழுங்கைக் கடைப்பிடிக்கும் துறையில் பயிற்சி பெறுவதும் முதற்கேள்வியின் ஒரு பகுதியே.

கடன்: கவனிக்க வேண்டிய நுட்பங்கள்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. 4 லட்சம் வரை உங்கள் பங்குத் தொகையும் தேவையில்லை. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்துக்குத் தனி வட்டி சேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் எனக் கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் சேர்ந்திருக்கும் வட்டி 1.4 லட்சம். இரண்டையும் சேர்த்துப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியைச் செலுத்தி வந்தால் அது சுமார் 5,290 ரூபாயாகக் குறையும்.

இப்படிப்புக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. பல நிறுவனங்களில் இது மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. சேர்க்கைக் கடிதத்தில் 'மூன்றாண்டு' என்று மட்டும் இருந்தால், பயிற்சி ஆண்டிலேயே தவணை விலக்குக் காலம் கரைந்துவிடும். வேலை தேடும் முன்பே தவணை தொடங்கிவிடும். எனவே, பயிற்சி ஆண்டும் படிப்பின் பகுதியே என்று கல்லூரியிடம் எழுத்தில் பெற்று விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் பயில்வோர் பிணையும் உத்தரவாதமும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ளோருக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோருக்கு இம்மானியம் பொருந்தாது. உங்கள் நிறுவனம் பட்டியலில் உள்ளதா என்று கட்டணம் கட்டும் முன்பே பாருங்கள்.

கிளைக்கு வரும்போது கொண்டுவர வேண்டியவை: பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், நுழைவுத் தேர்வுத் தரவரிசை, சேர்க்கைக் கடிதம், ஆண்டுவாரிக் கட்டண விவரம், பெற்றோரின் வருமானச் சான்று, இருவரின் ஆதார், பான் அட்டைகள். இவற்றுடன் மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கான விடைக் கடிதமும் இருக்கட்டும்.

அந்தக் கோப்பு

தொடக்கத்தில் கூறிய கல்லூரியிடம் நாங்கள் இக்கேள்விகளைக் கேட்டோம். மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம் என்று தொலைபேசியில் விடை வந்தது. எந்த மருத்துவமனை என்பதற்கு விடை இல்லை. எழுத்தில் கேட்டுப் பதினைந்து நாள் காத்திருந்தோம். கடிதம் வரவில்லை. ஒப்பளிப்புத் தர இயலாது என்று சொன்னபோது தந்தை சினந்தார். வங்கி தம் மகளின் எதிர்காலத்தைக் கெடுக்கிறது என்றார். அன்று எங்களிடம் அதற்குத் தக்க மறுமொழி இருக்கவில்லை. முன்பணத்திலும் ஒரு பகுதியே பின்னர் திரும்பக் கிடைத்தது.

மாணவி மும்பையிலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தார். இப்போது இறுதியாண்டு. சென்ற மாதம் தந்தையும் மகளும் மீண்டும் வந்திருந்தனர். முதுநிலை நுழைவுத் தேர்வுகளின் பட்டியலை மகள் கையால் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரிலும், அதன் மருத்துவமனையில் எத்தனை காமா கேமராக்கள் உள்ளன என்று குறித்திருந்தார். சிலவற்றுக்கு எதிரில் 'கேட்க வேண்டும்' என்றிருந்தது. இடம் கிடைத்த பின் வாருங்கள் என்று இம்முறை நாங்கள் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் வாருங்கள் என்றோம்.