மும்பை லோக்கலில் ஏறுவதற்கு முன்

வேலை கிடைத்து மும்பைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளை முதல் வாரத்தில் மிரட்டுவது இந்தியும் இல்லை, வடாபாவும் இல்லை, லோக்கல் ரயில்தான். முண்டியடிக்கத் தெம்பு உள்ளவர்கள்தான் அதில் ஏற முடியும் என்று போய் வந்தவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அதில் பாதிதான் உண்மை. நெரிசல் நேரத்திலும் வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்பது இருபது முப்பது விநாடி. அதற்குள் யோசிக்க நேரம் கிடையாது. எந்தத் தடம், எந்த வண்டி, எந்தப் பெட்டி, உள்ளே போய் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் இறங்குவது என்பதையெல்லாம் வண்டி வருவதற்குள் முடிவு செய்திருக்க வேண்டும். அப்படி முடிவு செய்து வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் நிதானமாக ஏறிவிடுவார். வாட்டசாட்டமான இளைஞர் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுவார்.

இவ்வளவு கூட்டம் ஏன் என்பதை மும்பையின் வரைபடமே சொல்லிவிடும். ஏழு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நகரம் அது. தெற்கே கடலுக்குள் நீண்டு ஒடுங்கிப் போகிறது. பழைய அலுவலகங்கள் எல்லாம் அந்தத் தென்முனையில் கோட்டை, நரிமன் பாயின்ட் பக்கம் அமைந்தன. சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளோ வடக்கே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. காலையில் எல்லோரும் தெற்கே, மாலையில் எல்லோரும் வடக்கே. பாந்த்ரா குர்லா வளாகம், அந்தேரி என்று வேலை இடங்கள் பரவிய பிறகும் இந்த ஓட்டம் பெரிதாக மாறிவிடவில்லை. நாளொன்றுக்கு 3,000க்கும் மேற்பட்ட லோக்கல்கள் ஓடியும் போதவில்லை. உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள் என்பது ரயில்வேயே ஒப்புக்கொண்ட கணக்கு.

முதலில் தடங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வெஸ்டர்ன் தடம் சர்ச்கேட்டில் தொடங்கி விரார் வழியாக தஹானு ரோடு வரை போகிறது. சென்ட்ரல் தடம் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் தொடங்கி தாணே, கல்யாண் போய், அங்கே கசாரா பக்கமும் கர்ஜத் பக்கமுமாகப் பிரிகிறது. அதே டெர்மினஸில் தொடங்கும் ஹார்பர் தடம் வடாலா ரோட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று குர்லா வழியாக நவி மும்பை, பன்வேலுக்கும் மற்றொன்று அந்தேரி, கோரேகாவுக்கும் போகிறது. வெஸ்டர்னிலிருந்து சென்ட்ரலுக்கு மாற தாதர். சென்ட்ரலிலிருந்து ஹார்பருக்கு மாற குர்லா. தாதரில் முன்பு இரு ரயில்வேக்கும் தனித்தனியே ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் இருந்து, புதியவர்கள் தவித்துப்போவார்கள். 2023 டிசம்பரில்தான் வெஸ்டர்னுக்கு 1 முதல் 7, சென்ட்ரலுக்கு 8 முதல் 14 என்று வரிசையாக எண் கொடுத்தார்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் மாட்டுங்கா. அந்தப் பெயரில் இரண்டு ஸ்டேஷன்கள்: மாட்டுங்கா சென்ட்ரலில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்னில். கோயிலும் இட்லிக் கடையும் தேடிப் போகிறவர்களுக்கு வேண்டியது சென்ட்ரலின் மாட்டுங்கா, அல்லது ஹார்பர் தடத்தின் கிங்ஸ் சர்க்கிள். தாராவியும் இப்படித்தான் இரண்டு தடங்களுக்கு நடுவே இருக்கிறது. கிழக்கு ஓரத்துக்கு சயான், மேற்கு ஓரத்துக்கு மாஹிம். தப்பான பக்கத்தில் இறங்கினால் தாராவியைக் குறுக்கே நடந்து கடக்க வேண்டியதுதான்.

தடத்துக்கு அடுத்து ஃபாஸ்ட்டா, ஸ்லோவா என்பது. ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஃபாஸ்ட் பெரிய ஸ்டேஷன்களில் மட்டும். மாட்டுங்கா, சயான், மாஹிம் மூன்றுக்கும் ஸ்லோவில்தான் போக வேண்டும். பிளாட்பார இண்டிகேட்டரில் வண்டி முடியும் ஊர், ஃபாஸ்ட்டா ஸ்லோவா, 12 பெட்டியா 15 பெட்டியா எல்லாம் வந்துவிடும். பெட்டி எண்ணிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். 15 பெட்டி வரும் இடத்தில் 12 பெட்டி வந்தால், பிளாட்பாரக் கோடியில் நிற்பவர் பெட்டியைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. இருக்கையில் கொஞ்சம் மெத்தை இருக்கும், கட்டணம் பல மடங்கு இருக்கும், அவ்வளவுதான். வெளிப்புறம் சாய்வுக் கோடு போட்டிருக்கும். கவனிக்காமல் செகண்ட் கிளாஸ் டிக்கெட்டோடு ஏறினால், டிக்கெட் இல்லாத பயணிக்கு விதிக்கும் அபராதமே உங்களுக்கும். குறைந்தது 250 ரூபாய், அதன் மேல் கட்டண வித்தியாசம். ஏசி லோக்கலுக்கும் கட்டணம் தனி. 2017 டிசம்பர் 25 அன்று தொடங்கிய அந்த வண்டிகளில் சாதாரண பாஸ் செல்லாது. தினமும் போகிறவர்கள் மாதப் பாஸோ மூன்று மாதப் பாஸோ எடுப்பதே புத்திசாலித்தனம். தினசரி டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகவே ஆகும்.

இனி உள்ளே. இங்கேதான் எந்தப் பலகையிலும் எழுதாத சட்டங்கள் அமலில் இருக்கின்றன. மூன்று பேருக்கான பெஞ்சில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வார். பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி அந்தரத்திலும் இருக்கும் அந்த இடத்துக்கு ஃபோர்த் சீட் என்று பெயர். கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், மூவரும் நகர்ந்து கொடுப்பார்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டுவிட்டால், அவர் எழுந்ததும் அந்த இடம் கேட்டவருக்கே. அதைப் பின்னால் வந்தவர் பிடிக்கப் பார்த்தால் பெட்டியே சேர்ந்து அதட்டும். நம் ஊர்ப் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைவிட இது எவ்வளவோ நியாயமான முறை.

ரிட்டர்ன் வருவது என்றொரு வழக்கமும் உண்டு. டோம்பிவிலியில் ஏற வேண்டியவர் எதிர்த் திசையில் கல்யாண் வரை போய், அதே வண்டி திரும்பும்போது உட்கார்ந்தபடியே வருவார். கல்யாணில் காத்திருப்பவர்களுக்கு ஏறும்போதே பாதி இருக்கை போயிருக்கும். சண்டைக்குக் கேட்கவா வேண்டும். இந்தத் தந்திரத்தில் இறங்குகிறவர் பாஸைக் கல்யாண் வரைக்கும் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டுப் பயணம் டிக்கெட் இல்லாத பயணம்தான்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசல் பக்கம் நகரத் தொடங்குங்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உத்ரோகே?" (தாதரில் இறங்குவீர்களா?) என்று கேளுங்கள். இறங்குகிறவர் என்றால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், கூட்டமே உங்களை இறக்கிவிடும். இல்லை என்றால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். முதுகுப் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகிய தூரம் போகிறவர்கள் மாலை நேர விரார் ஃபாஸ்ட்டில் ஏறவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபடி வீடு திரும்புகிறவர்களின் வண்டி அது. நடுவில் இறங்க வழி கேட்பவர்களுக்கு அங்கே மரியாதை கிடைக்காது.

பெண்களுக்கு ஒவ்வொரு வண்டியிலும் தனிப் பெட்டிகள் உண்டு. சில பெட்டிகள் நாள் முழுவதும் பெண்களுக்கானவை, சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். முழு வண்டியையும் பெண்களுக்கே விடும் லேடீஸ் ஸ்பெஷல் 1992 மே மாதம் சர்ச்கேட், போரிவிலி இடையே தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. கூடை, மூட்டை, சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாக்களின் மரத்தட்டு எல்லாம் லக்கேஜ் பெட்டியில் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்புமுன் மெகா பிளாக் எந்தத் தடத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் ஏதாவது ஒரு தடத்தில் வண்டிகளை நிறுத்தியோ மாற்றியோ விடுவார்கள். எம்-இண்டிகேட்டர் செயலியில் அந்தச் செய்தி வந்துவிடும். மழைக்காலம் வேறு கதை. பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்து வந்தால் தண்ணீர் வடிய வழியின்றி குர்லா, சயான் பக்கம் தண்டவாளம் மூழ்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது லட்சக்கணக்கானோர் அலுவலகத்திலும் வண்டியிலும் ரோட்டிலுமாக இரவைக் கழித்தார்கள். அத்தகைய நாளில் நின்ற வண்டியிலிருந்து தண்டவாளத்தில் குதிக்காமல் அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

லோக்கல்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுவதால் கிழக்கு மேற்காகப் போவதுதான் மும்பையில் நெடுநாள் தலைவலி. 2014இல் வந்த முதல் மெட்ரோ, வெர்சோவாவை அந்தேரி வழியாக காட்கோபருடன் இணைத்து அதைக் கொஞ்சம் தீர்த்தது. 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்த சுரங்க மெட்ரோவால் தென் மும்பைக்கு லோக்கல் அல்லாத ஒரு வழியும் கிடைத்திருக்கிறது. ஆட்டோவை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸி அல்லது பெஸ்ட் எனும் நகரப் பஸ்.

வாசலில் தொங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மும்பையின் புறநகர்த் தடங்களில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் அதிகம் பேர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள், அடுத்து ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். 2025 ஜூன் 9 காலை மும்ப்ரா அருகே எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் படியில் நின்றவர்கள் விழுந்து உயிரிழந்த பிறகு, சாதாரண லோக்கல்களிலும் தானாக மூடும் கதவு கொண்டுவரப்போவதாக ரயில்வே அறிவித்தது. கதவு வரட்டும், வராமல் போகட்டும். கால் வைக்க இடமில்லாத வண்டியை விட்டுவிடுங்கள். முக்கியத் தடங்களில் அடுத்த வண்டி சில நிமிடங்களில் வரும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் தினமும் நின்றுகொண்டே போவது உடம்பை முறிக்கும். ஆகவே வாடகை வீடு பார்க்கும்போது அறையின் அளவை அப்புறம் பாருங்கள். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து புறப்படும் லோக்கல் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். போரிவிலி, அந்தேரி, தாணே, டோம்பிவிலி, கல்யாண் போன்ற இடங்களில் காலி வண்டியாக ஏறும் வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் கொடுக்கலாம்.